கோமாளி மீனின் இனப்பெருக்கமும் குஞ்சு வளர்ப்பும் – ஒரு நோக்கு

முன்னுரை

அறிவியல் தமிழ் என்றவுடன் கலைச்சொல்லாக்கம் பற்றிய கட்டுரைகளே நம் துறை மலர்களில் பெரிதும் இடம்பெறுகின்றன. சொற்களை முதலில் ஆக்கி அடுக்கி வைத்துவிட்டால் பொருள் பின்னர்த் தானே வந்து அமரும் என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. ஒரு பொருளைத் தொடக்கம் முதல் இறுதிவரை சொல்லிப் பார்க்கும்போதுதான் எந்தச் சொல் நம்மிடம் உள்ளது, எது இல்லை என்பது புலனாகும் என்பது இக்கட்டுரையாளன் கருத்து. அம்முயற்சிக்கு ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள், வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் கோமாளி மீனை இனப்பெருக்கம் செய்வித்து அதன் குஞ்சுகளை வளர்த்தெடுத்தல் ஆகும். தமிழ் கற்பிப்பவனுக்கு மீன் வளர்ப்பில் என்ன வேலை என்று விலங்கியல் துறை நண்பர்கள் கேட்டதுண்டு. ஐந்தாண்டுகளாக வீட்டுக் கூடத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டியைப் பேணி, இருமுறை தோற்று, மூன்றாம் முறை ஒருவாறு கரையேறியவன் என்பதன்றி எனக்கு வேறு தகுதியில்லை.

இம்முயற்சியில் இறங்குவோர் பெரும்பாலும், மீன் முட்டையிடுமா என்பதையே பெருங்கவலையாகக் கொள்கின்றனர். நலமாக வாழும் இணை தானே முட்டையிடும். இட்ட முட்டையைத் தந்தை மீன் தானே காக்கும். வளர்ப்பவனுடைய வேலை உண்மையில் தொடங்குவது குஞ்சு பொரித்த இரவில்தான். அதன்பின் வரும் பத்து நாள்களில் குஞ்சுகள் கூட்டங் கூட்டமாக மடிவதைக் காணலாம். அதற்கு நோயைவிடப் பசியே பெருங்காரணம். ஆதலின் குஞ்சுக்குரிய உணவை முட்டைக்கு முன்பே வளர்த்து வைத்தல் வேண்டும் என்பதை வலியுறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் பாலும்

இந்தியப் பெருங்கடல், பசிபிக் பெருங்கடல் ஆகியவற்றின் வெதுவெதுப்பான பகுதிகளில் ஏறத்தாழ முப்பது இனக் கோமாளி மீன்கள் வாழ்கின்றன. அட்லாண்டிக் பெருங்கடலில் இவை இல்லை. கடல் அனிமோன் எனவும் வழங்கும் கடற்சாமந்தியே இவற்றின் வீடு. பூவிதழ் போல் அசையும் அதன் உணர்கொம்புகள் நச்சு முட்களை உடையன. பிற சிறு மீன்களைக் கொட்டிக் கொல்லும் அவ்விதழ்களுக்கிடையே கோமாளி மீன் அச்சமின்றிப் புகுந்து உறங்குகிறது. அதன் உடலைப் போர்த்தியுள்ள வழுவழுப்பான கோழைப் படலமே அதற்குக் காப்பு என்பர். செம்மஞ்சள் உடலில் வெள்ளைப் பட்டைகள், அவற்றின் விளிம்பில் மெல்லிய கருங்கோடு, நேரே நீந்தாமல் உடலை அசைத்து அசைத்து நடப்பது போன்ற இயக்கம் ஆகியவை கூத்தில் வரும் கோமாளியை நினைவூட்டியதால் இப்பெயர் பொருந்திவிட்டது.

மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் காணப்படும் செபே இனம் நம் கரைக்கு உரியது. வீட்டுத் தொட்டிகளில் மிகுதியாக வளர்க்கப்பெறுவது ஒசெல்லாரிஸ் என்னும் சிற்றினம். இது அந்தமான் தொடங்கித் தென்கிழக்காசியக் கடல்களில் வாழ்வது. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்திலும் இம்மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறைகள் ஆராயப்பெற்றுள்ளன. எனவே நாம் பேசும் பொருள் நம் கடற்கரைக்குப் புதிதன்று. தொட்டியில் பிறந்து வளர்ந்த மீன் ஒன்றை வாங்குவதால் பவளத்திட்டில் வாழும் மீன் ஒன்று பிடிபடாமல் தப்புகிறது என்பதையும் கருதுதல் வேண்டும். என் தொட்டியில் இருப்பன குஞ்சகத்தில் பிறந்த ஒசெல்லாரிஸ் மீன்கள்.

கோமாளி மீனின் வாழ்வில் வியப்புக்குரியது அதன் பால்மாற்றமே. ஒரு கடற்சாமந்தியில் ஒரு சிறு குடும்பம் வாழும். அவற்றுள் உடலால் மிகப் பெரியது பெண், அதற்கடுத்தது ஆண், எஞ்சியவை யாவும் இனப்பெருக்கம் செய்யாத சிறியவை. பெண் இறந்துவிடின் ஆண் மெல்ல மெல்லப் பெண்ணாக மாறிவிடும். சிறியவற்றுள் பெரியது வளர்ந்து ஆணின் இடத்திற்கு வரும். பெண்ணானது மீண்டும் ஆணாவதில்லை. பெண் மீன் தன் வல்லாண்மையால் பிறவற்றை அடக்கி வைத்திருப்பதே அவை பெண்ணாகாமைக்குக் காரணம் என்பதை ஃபிரிக்கே என்னும் ஆய்வாளர் இருவர் 1977இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினர். 2003இல் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' என்னும் இயங்குபடத்தில் மனைவியை இழந்த தந்தை மீன் மகனைத் தேடிக் கடலெல்லாம் அலைகிறது. கடலில் நிகழ்வது அதுவன்று. மனைவியை இழந்த அத்தந்தை நாளடைவில் தாயாகியிருக்கும்.

தொல்காப்பிய மரபியலைக் கற்பிக்கும்போது இம்மீன் என் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. இளமைப் பெயர் ஒன்பது என்று வகுத்து, ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர்களையும் நிரல்பட வைக்கும் அவ்வியல், நீர்வாழ்வனவற்றையும் விட்டுவிடவில்லை. சுறாவின் ஆணை ஏறு என்கிறது. போத்து என்னும் பெயரையும் நீர்வாழ் சிலவற்றுக்கு உரித்தாக்குகிறது. ஆனால் இன்று போத்தாக இருப்பது அடுத்த ஆண்டு பெட்டையாகிவிடும் உயிரை எவ்வாறு அழைப்பது? மாணவர்களிடம் இதைக் கேட்டபோது ஒருவர், பெயரை மாற்ற வேண்டாம், விகுதியை மட்டும் மாற்றலாம் என்றார். அஃறிணைக்கு ஆண்பால் பெண்பால் விகுதியே இல்லை என்பதை அவர் மறந்துவிட்டார் எனினும் விடை சுவையாகவே இருந்தது.

இணை சேர்த்தல்

மேற்கூறிய பால்மாற்றமே வளர்ப்பவனுக்குப் பெரும் நன்மையாக அமைகிறது. ஆண் எது, பெண் எது என்று கண்டறிந்து வாங்க வேண்டியதில்லை. இளமீன் இரண்டை, ஒன்று பெரியதும் மற்றொன்று சிறியதுமாகத் தேர்ந்து ஒரே தொட்டியில் விடுதல் போதும். பெரியது பெண்ணாகவும் சிறியது ஆணாகவும் நிலைபெறும். சில நாள்கள் பெரியது சிறியதைத் துரத்தும். சிறியது பக்கவாட்டில் சாய்ந்து உடல் நடுங்கப் பணிந்து காட்டும். அந்நடுக்கத்தைக் கண்டு நோய் என்று அஞ்சி நான் மீனைப் பிரித்து வைத்தேன். அது நோயன்று, உடன்பாடு என்பது பின்னர்த்தான் விளங்கிற்று. முதிர்ந்த பெண்மீன் இரண்டை ஒன்றாக விடலாகாது. ஒன்று மற்றொன்றைக் கொல்லும்வரை ஓயாது. இளமீன் இணைந்து முட்டையிடும் பருவத்தை எய்த ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். பொறுமை வேண்டும்.

இணைக்கு நூறு லிட்டர் அளவுள்ள தொட்டி போதுமானது. புதுத்தொட்டியில் நீர் நிரப்பிய அன்றே மீனை விடுவது பெரும்பிழை. மீனின் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியா நச்சுத்தன்மை உடையது. அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நீரின் வெப்பம் 26 முதல் 28 பாகை செல்சியஸ், ஒப்படர்த்தி 1.023 முதல் 1.025, பி.எச். 8.1 முதல் 8.3 என்ற அளவுகளில் நிற்பது நன்று. நம் ஊரின் சித்திரை வெயிலில் தொட்டிநீர் 31 பாகையைக் கடந்துவிடும். நீர்ப்பரப்பின் மீது சிறு மின்விசிறியைத் திருப்பி வைத்தால் இரண்டு மூன்று பாகை குறையும். ஆனால் நீர் விரைந்து ஆவியாகும். ஆவியாகிக் குறைந்த நீருக்கு ஈடாகக் கடல்நீரை ஊற்றுவோர் உளர். உப்பளத்தைக் கண்ட எவரும் அப்பிழையைச் செய்யலாகாது. ஆவியாவது நன்னீர், உப்பு தொட்டியிலேயே நின்றுவிடுகிறது. ஆதலின் நன்னீரையே ஈடு செய்தல் வேண்டும்.

கடற்சாமந்தி இன்றியே இம்மீன்கள் வாழவும் முட்டையிடவும் செய்யும். வீட்டுத் தொட்டியில் கடற்சாமந்தியைப் பேணுவது அரிது. கடலில் நெடுங்காலம் வாழக்கூடிய ஓர் உயிர் நம் கூடத்தில் சில மாதங்களில் சுருங்கி அழிவதைக் காண நேரும். அதற்கு மாற்றாக, சாய்த்து வைத்த மண்தொட்டியோ ஓட்டுத் துண்டோ போதும். என் இணை தேர்ந்தெடுத்தது, செடி வைப்பதற்காக வாங்கி விரிசல் விட்டதால் ஒதுக்கிய சிறு மண்தொட்டி. பன்னிரண்டு முதல் பதினான்கு மணி நேரம் விளக்கொளியும், இறால், கணவாய், மட்டி இவற்றின் சதையைப் பொடியாக நறுக்கி நாளொன்றுக்கு இரண்டு மூன்று வேளை உணவும் அளித்து வந்தால் இணை முட்டைக்கு ஆயத்தமாகும்.

தந்தை காக்கும் நாள்கள்

முட்டையிடும் நாள் நெருங்குவதைக் கண்டறிவது எளிது. ஆண்மீன் மண்தொட்டியின் ஒரு பகுதியை வாயால் கடித்துக் கடித்துத் தூய்மை செய்யும். பெண்ணும் உடன் சேரும். பெண்ணின் வயிறு பருத்து, அடியில் வெண்ணிறக் குழலொன்று சிறிதே வெளிப்பட்டுத் தோன்றும். பெரும்பாலும் முற்பகலில் அல்லது நண்பகலை ஒட்டி, பெண்மீன் வயிற்றைப் பரப்பின்மேல் உரசியவாறு வரிசை வரிசையாக முட்டையிட்டுச் செல்லும். ஆண் அதன் பின்னே சென்று அவற்றைக் கருவுறச் செய்யும். இது ஓரிரு மணி நேரம் நிகழும். முட்டையொன்று இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள மாத்திரை வடிவம், செம்மஞ்சள் நிறம், ஒரு முனை மெல்லிய இழைகளால் பரப்போடு ஒட்டியிருக்கும். தமிழில் சினை என்பது முட்டையையும் குறிக்கும், உறுப்பையும் மரக்கிளையையும் குறிக்கும். மண்தொட்டியின் மேல் கதிர்போல் நின்றாடும் அம்முட்டைகளைக் கண்டபோது இம்மூன்று பொருளும் ஒரு சொல்லில் கூடியது தற்செயல் அன்று என்றே தோன்றிற்று. மொழியியலார் இதனை ஏற்பாரோ அறியேன்.

சிறிய இணை நூறு முட்டையும் முதிர்ந்த இணை பல நூறு முட்டையும் இடும். நல்ல நிலையில் உள்ள இணை பத்து முதல் பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை இடக்கூடும். முதன்முறை இடும் முட்டைகளைப் பெற்றோரே தின்றுவிடுவது இயல்பு. என் தொட்டியிலும் அவ்வாறே நிகழ்ந்தது. இரண்டாம் நாள் காலையில் மண்தொட்டி துடைத்து வைத்தாற்போல் இருந்தது. இதனைத் தோல்வி எனக் கொள்ள வேண்டியதில்லை. இரண்டு மூன்று முறைக்குப்பின் அவை பழகிக்கொள்ளும்.

அகப்பொருள் மரபில் பெற்றவள் நற்றாய், வளர்ப்பவள் செவிலி. கோமாளி மீனிடத்தில் செவிலியின் பணியை முழுமையாக ஏற்பது தந்தை. பெண் அவ்வப்போது வந்து பார்த்துச் செல்லும். எதிரி வந்தால் பாய்ந்து விரட்டும். தந்தையோ இரையை நாடிச் சற்றே விலகுவதும் உடனே திரும்புவதுமாக இருக்கும். மார்புத் துடுப்புகளால் முட்டைகளின் மீது ஓயாமல் நீரை விசிறும். வாயால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும். வெளுத்துப்போன, பூஞ்சை பற்றிய முட்டையைப் பிடுங்கி அகற்றிவிடும். அவ்வொரு முட்டையை அகற்றாவிடின் அருகிலுள்ளவையும் கெடும். முட்டையைத் தனியே எடுத்து வைத்துப் பொரிக்கச் செய்வோர் தந்தையின் இவ்வேலையைக் காற்றுக்குமிழிகளால் செய்விக்க முயல்கின்றனர். முதலில் முயல்வோர்க்கு அது வேண்டாம். தந்தையைவிட நாம் நன்றாகச் செய்துவிட முடியாது.

மூன்றாம் நான்காம் நாளில் முட்டைகள் கருமையுறும். ஐந்தாம் ஆறாம் நாளில் ஒவ்வொரு முட்டையினுள்ளும் வெள்ளிபோல் மின்னும் இரு கண்கள் தெரியும். நூற்றுக்கணக்கான கண்கள் ஒருசேர நம்மை நோக்கும் அக்காட்சியைச் சொல்லால் விளக்கல் அரிது. 27, 28 பாகை வெப்பத்தில் ஏழாம் அல்லது எட்டாம் நாள், விளக்கணைத்து இருள் சூழ்ந்த ஓரிரு மணி நேரத்தில் குஞ்சுகள் பொரிக்கும். இருள் முழுமையாக இருத்தல் இன்றியமையாதது. கூடத்து விளக்கின் கசிவு இருந்தாலும் பொரித்தல் தள்ளிப்போகும்.

அந்நொடியோடு தந்தையின் கடமை தீர்ந்தது. கடலில் குஞ்சுகள் மேலெழுந்து நீரோட்டத்தில் மிதந்து சென்றுவிடும். பாப்புவா நியூகினியாவின் கிம்பே விரிகுடாவில் நிகழ்த்தப்பெற்று 2007இல் வெளியான ஆய்வில், அங்குள்ள சிறு தீவொன்றின் பவளத்திட்டில் குடியேறிய கோமாளிக் குஞ்சுகளுள் ஏறத்தாழ 60 விழுக்காடு அத்திட்டிலேயே பிறந்தவை என்று கண்டனர். மிதந்து சென்றவை ஏறக்குறையப் பத்து நாள் கடலில் திரிந்து பிறந்தகம் மீண்டன என்பது இதன் பொருள். இடைப்பட்ட அந்நாள்களில் கடலே அவற்றுக்கு உணவளிக்கிறது. தொட்டியில் கடல் இல்லை. அங்கே செவிலியாக வேண்டியவன் வளர்ப்பவன்.

என் பிழை

இரண்டாம் முறை இட்ட முட்டைகள் குறைவின்றிப் பொரித்தன. கைவிளக்கை நீர்ப்பரப்பின் ஒரு மூலையில் காட்டியவுடன் ஒளியை நாடிக் குஞ்சுகள் திரண்டன. மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடிபோன்ற உடல், கண் மட்டும் பெரிது. இருநூறுக்குக் குறையாது. வலையால் அள்ளின் மென்மையான உடல் நைந்துபோகும் ஆதலின் குவளையால் நீரோடு முகந்து வேறு தொட்டிக்கு மாற்றினேன். அதுவரை செய்தன யாவும் சரியே.

உணவுக்கு என்ன செய்வது என்பதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. இளமையில் கப்பி மீன் குஞ்சுகளுக்கு அவித்த முட்டையின் மஞ்சட் கருவைத் துணியில் கட்டி நீரில் கசக்கிவிட்டு வளர்த்திருக்கிறேன். அதுவே இங்கும் போதும் என்று கருதினேன். கோமாளிக் குஞ்சு அசையாத துகளை இரையென்றே அறிவதில்லை. தன்முன் துள்ளி நகர்வதையே குறிபார்த்துக் கவ்வும். மஞ்சட் கரு அடியில் படிந்து அழுகிற்று. இரண்டாம் நாள் மாலை என் மகள் தொட்டியருகே நின்று, "வாப்பா, இதுக்கெல்லாம் பசிக்குதா? எல்லாம் வாயைத் திறந்து திறந்து மூடுதே" என்று கேட்டாள். நீர் தெளிவாக இல்லை, அதனால் அப்படி என்று விடை கூறினேன். பிறக்கும்போது குஞ்சின் வயிற்றில் எஞ்சியிருக்கும் கரு உணவு ஓரிரு நாளில் தீர்ந்துவிடும் என்பதை அப்போது நான் அறியேன். நான்காம் நாள் ஸுபுஹு தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது தொட்டியின் அடியில் வெண்ணிறத் தூசிபோல் படிந்து கிடந்தன. ஒன்றும் மிஞ்சவில்லை.

பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், அதுவாக இரைதேடவும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டனைக்கு ஆளானமை பற்றிய நபிமொழி நாமெல்லாரும் சிறுவயதில் கேட்டதே. அடைத்து வைத்தவன்மீது உணவின் பொறுப்பு முழுமையாக விழுகிறது என்பதை அதுவரை நான் பூனையோடு மட்டுமே பொருத்தி எண்ணியிருந்தேன். கட்டிலும் பெரிய கட்டு கண்ணாடிச் சுவர். அதன்பின் நான்கு மாதம், இணை இட்ட முட்டைகளை எடுக்காமல் விட்டுவிட்டு, உணவை வளர்க்கக் கற்றேன்.

உணவை வளர்த்தல்

கோமாளிக் குஞ்சின் முதல் உணவு ரோட்டிபர் என்னும் நுண்ணுயிர். அதன் தலைப்பகுதியில் உள்ள நுண்மயிர் வட்டம் அசையும்போது சக்கரம் சுழல்வதுபோல் தோன்றும். சக்கர உயிரி என்று தமிழில் சொல்லலாம். 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் அளவினது. குஞ்சின் வாய்க்கு ஏற்றது. மெல்ல நீந்துவதால் எளிதில் அகப்படும். இதனைப் பிளாஸ்டிக் வாளியிலேயே பெருக்கலாம். தொடக்க வித்து, மீன் அல்லது இறால் குஞ்சகங்களிலும் கடல் உயிரியல் ஆய்வுக்கூடங்களிலும் கிடைக்கும். எனக்கு அன்பர் ஒருவர் ஒரு புட்டியில் தந்தார்.

சக்கர உயிரிக்கும் உணவு வேண்டும். நானோகுளோராப்சிஸ் போன்ற நுண்பாசி அதற்குச் சிறந்தது. ஈஸ்ட் மாவையும் அது தின்று பெருகும். ஆனால் அவ்வாறு பெருகியது உள்ளீடற்ற உணவு. குஞ்சின் நரம்புக்கும் கண்ணுக்கும் வேண்டிய கொழுப்பு அமிலங்கள் அதில் இரா. வயிறு நிறைந்தும் குஞ்சு மெலியும். எனவே வரிசை இது: முதலில் பச்சை நீர், அதன்பின் சக்கர உயிரி, அதன்பின்னரே குஞ்சு. சன்னலோரத்தில் பச்சை நீர்ப் புட்டிகளும், குளியலறை வாயிலில் இரண்டு வாளிகளும் என்று வீடு மாறிப்போனது. 'மீனுக்கு ரெண்டு வாளி, மனுசருக்கு ஒன்னுதானா?' என்று வீட்டில் கேட்டதற்கு விடையில்லை. ஆயினும் வாளி இரண்டு வேண்டும். சக்கர உயிரி வாளி எவ்வித முன்னறிவிப்புமின்றி ஒரே இரவில் கெட்டு அழிந்துவிடும். மற்றொன்று இருந்தால்தான் மீண்டும் தொடங்க முடியும்.

வாளிக்கு மெல்லிய காற்றோட்டம் வேண்டும். பச்சை நிறம் மங்கினால் பாசியூட்ட வேண்டும். நாள்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மிக நுண்ணிய சல்லடைத் துணியில் வடித்து உயிரியை எடுத்துக்கொண்டு, அவ்வளவு புதுநீர் சேர்த்து வர வேண்டும். எடுக்காமல் விட்டாலும் கெடும் என்பது இவ்வளர்ப்பின் விந்தை. இணை முட்டையிட்ட அன்று வாளியைத் தொடங்கினால் காலம் போதாது. ஒரு மாதத்திற்கு முன்பேனும் தொடங்குதல் வேண்டும்.

பத்து நாள்கள்

மூன்றாம் முறை, பொரித்த இரவிலேயே சக்கர உயிரி காத்திருந்தது. குஞ்சுத் தொட்டி இருபது முதல் நாற்பது லிட்டர் போதும். பக்கங்களைக் கருந்தாளால் மூடிவிட்டால் ஒளி மேலிருந்து மட்டும் வரும். இன்றேல் குஞ்சுகள் கண்ணாடியில் தெரியும் ஒளியை நோக்கி மோதி மோதி ஓய்ந்துபோகும். நீர் தாய்த்தொட்டியினதாகவே இருத்தல் நலம். பச்சை நீர் சிறிது கலந்தால் சக்கர உயிரியும் பட்டினியின்றி இருக்கும். மங்கிய ஒளியும் அமையும். காற்றுக் குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகக் குமிழி வரும் அளவே போதும்.

ஒரு மில்லிலிட்டர் நீரில் பத்துச் சக்கர உயிரிகள் இருத்தல் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசிக்குழலில் ஒரு மில்லிலிட்டர் உறிஞ்சி வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால் வெண்புள்ளிகள் நகர்வது கண்ணுக்கே தெரியும், எண்ணிவிடலாம். காலையும் மாலையும் எண்ணிக் குறைந்த அளவுக்குச் சேர்த்து வந்தேன். குஞ்சு இரையைக் கண்டதும் உடலை எஸ் எழுத்துப்போல் வளைத்து, ஒரு கணம் நின்று, பாய்ந்து கவ்வும். முதல் நாள் பிற்பகலில் அப்பாய்ச்சலைக் கண்டபோது, முன்பு வாய் திறந்து மூடியதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு விளங்கிற்று. மகளை அழைத்துக் காட்டினேன். அவள் பழையதைக் குறிப்பிடவில்லை.

உணவுக்கு அடுத்த பகை அம்மோனியா. நாள்தோறும் அடியில் படிந்த கழிவை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்து, ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்ற வேண்டும். புதுநீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மின்தடை நேரத்திற்கு மின்கலத்தால் இயங்கும் காற்றுக் கருவி ஒன்றைக் கைவசம் வைத்திருத்தல் நன்று.

ஐந்து அல்லது ஆறு நாளானபின், புதிதாய்ப் பொரித்த ஆர்டீமியாவைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். இது உப்பளங்களில் வாழும் சிற்றுயிர். தூத்துக்குடி உப்பளங்களிலும் காணப்படுவது. அதன் உலர்ந்த முட்டைகளைக் கடல்நீரில் இட்டு வலுவாகக் காற்றூட்டினால் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிக்கும். அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அளவினது என்பதால் முதல் நாள்களில் குஞ்சின் வாய்க்கு அடங்காது. பேராசையால் முன்கூட்டியே மிகுதியாக இட்டால் விழுங்கிச் செரியாமல் இறக்கும் குஞ்சுகளும் உண்டு. ஓட்டையும் குஞ்சையும் பிரித்து, குஞ்சை மட்டும் இட வேண்டும். ஓடு குடலை அடைக்கும்.

எட்டாம் நாளுக்கும் பன்னிரண்டாம் நாளுக்கும் இடையே உருமாற்றம் நிகழும். அதுவரை கண்ணாடிச் சில்லுபோல் நீரின் நடுவே மிதந்தது, ஒரு காலையில் செம்மை படர்ந்து, தலைக்குப் பின்னே முதல் வெள்ளைப் பட்டை தோன்ற, அடிநோக்கி இறங்கிக் கோமாளிக்குரிய அசைந்த நடையோடு நீந்தும். வலிமை குன்றியவை இக்கட்டத்தில் மீண்டும் மடியும். என் தொட்டியில் இருநூறுக்கு மேற்பட்டவற்றுள் இக்கட்டத்தைக் கடந்தவை 37. தேர்ந்த குஞ்சகத்தார் இதனைக் குறைந்த எண்ணிக்கை என்பர், நானும் மறுக்கவில்லை.

உருமாறியபின் துன்பம் பெரிதில்லை. ஆர்டீமியாவிலிருந்து பொடித்த இறால் சதைக்கும் உலர் உணவுக்கும் இரண்டு மூன்று வாரங்களில் பழகிவிடும். முழுப்பட்டை தோன்றாமல் பாதிப்பட்டையோடு சில நிற்கும். அவை உடலால் குறையுடையன அல்ல. மூன்று நான்கு மாதங்களில் இரண்டரை சென்டிமீட்டர் அளவை எட்டும்போது ஒன்றையொன்று கடித்துத் துரத்தத் தொடங்கும். அப்போது பகிர்ந்தளித்தல் வேண்டும். அன்பின் மிகுதியால் கடலில் கொண்டுபோய் விடுவோர் உளர். நம் கரைக்கு உரியதல்லாத இனத்தையும், தொட்டியின் நோயையும் ஒருங்கே கடலுக்குக் கொடுப்பதாக அது முடியும். தொட்டியை முன்பே ஆயத்தம் செய்து வைத்துள்ளவர்க்கே கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது ஒரே அளவினவாகப் பார்த்துக் கொடுப்பதே அழகு என்று பலரும் கேட்பர். அதற்கு இசையாமல், ஒன்று பெரியதும் மற்றொன்று சிறியதுமாக எடுத்துக் கொடுத்தல் வேண்டும்.